நீருக்கடியில் சிறு காமிரா: படம் சொல்வது மெய்யா?

உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் காமிராவுடன், முதுகில் காற்று உருளையைச் சுமந்து கடலுள் மூழ்குவோர் எடுக்கும் படங்களை இன்று எல்லோரும் பார்க்கிறோம். செக்கச்செவேலென்ற பவளங்கள், பொன்னிற மீன்கள்! கடலடி இப்படித்தான் இருக்கும் என்றும் நம்பிவிடுகிறோம். விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, ஒளியியல் விதிகளைக் கொண்டு இப்படங்களை எடைபோட்டுப் பார்ப்போமா?

இவ்வகைக் காமிராக்களில் பெயர்பெற்றது கோப்ரோ. கலிபோர்னியாவில் நிக் வுட்மன் 2002இல் தொடங்கிய இந்நிறுவனம், அலைச்சறுக்கு ஆடுவோருக்காக 2004இல் முதல் காமிராவை வெளியிட்டது. பின்னர் வந்த ஹெச்.டி. ஹீரோ காமிராவின் நீர்புகா உறை 60 மீட்டர் ஆழத்தையும் தாங்கியது. ஆயினும் நீரினுள் எடுத்த படங்கள் மங்கலாகவே இருந்தன. ஏன்?

உறையின் முகப்பு வெளிப்புறமாகக் குவிந்திருந்தது. வெளியே நீர், உள்ளே காற்று. இந்த அமைப்பு ஒரு குழிவில்லையைப் போலச் செயற்படும். நீரின் ஒளிவிலகல் எண்ணை 4/3 என்று கொண்டு கணக்கிட்டால், தொலைவிலுள்ள பொருளின் மாயபிம்பம் முகப்பின் வளைவு ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் தோன்றும். ஆரம் 2 செ.மீ. என்றால், பிம்பம் 6 செ.மீ. தூரத்தில் நிற்கும். குவியத்தை மாற்ற இயலாத சிறு காமிராவுக்கு இவ்வளவு அருகிலுள்ளது தெளிவாகத் தெரியாது. நீர் புகாமல் தடுத்தார்கள். நீரின் ஒளிவிலகலை மறந்தார்கள்!

2012இல் வந்த ஹீரோ 3 காமிராவின் உறையில் தட்டையான முகப்பு அமைந்தது, மங்கல் நீங்கியது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. காற்றில் 120 பாகை அகலத்தைக் காணும் வில்லை, தட்டை முகப்பின் வழியே நீரில் சுமார் 81 பாகையையே காணும். 4 மீட்டர் தூரத்து மீன் 3 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நிறத்தில் உள்ளது. நீர் சிவப்பு ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. தூய நீரில் 10 மீட்டர் கடந்ததும், சிவப்பு ஒளியில் நூற்றில் மூன்று அல்லது நான்கு பங்கே எஞ்சும். நீல ஒளியில் தொண்ணூறுக்கு மேல் எஞ்சும். 10 மீட்டர் ஆழத்திலுள்ள பவளத்தை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், ஒளி நீரில் 13 மீட்டர் கடந்திருக்கும். ஆகவே, அருகில் சென்று எடுப்பதே முதல் விதி.

சிவப்பு வடிகட்டி சிவப்பைச் சேர்ப்பதில்லை. மற்ற நிறங்களைக் குறைத்துச் சமன் செய்கிறது, அவ்வளவே. காமிராவின் நிறத் திருத்தமோ, எஞ்சிய சிறிதளவு சிவப்பைப் பல மடங்கு பெருக்குகிறது. கூடவே புள்ளி புள்ளியான இரைச்சலும் பெருகுகிறது. சிவப்பே வந்து சேராத இடத்தில் எதைப் பெருக்குவது? விளக்கைக் கொண்டு செல்வதே உண்மையான பரிகாரம். அதையும் வில்லைக்கு ஒட்டி வைத்தால், மூடுபனியில் காரின் முன்விளக்கைப் போட்டதுபோல், மிதக்கும் துகள்களே வெள்ளையாய்த் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

அழகுக்காக எடுக்கும் படத்தில் நிறம் சிறிது மாறினால் பெரிய நட்டமில்லை. சான்றாகக் கொள்ளும் படத்தில் அப்படி விட முடியாது. 2016இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெளுப்பை அறிய நிறமே அடையாளம். திருத்திய படத்தில் வெளுத்த பவளமும் நலமாகத் தோன்றக்கூடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தினர் ஒரு நிற அட்டையைப் பயன்படுத்துகின்றனர். அட்டையைப் பவளத்தின் அருகே பிடித்து ஒப்பிட வேண்டும். இரண்டின் மீதும் ஒரே ஒளி விழுவதால், நீர் இரண்டையும் ஒரே விதமாக மாற்றுகிறது, ஒப்பீடு பிழைப்பதில்லை. விலையுயர்ந்த காமிரா செய்ய முடியாததை ஓர் அட்டை செய்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் ஆடாதிருக்க மூச்சை அடக்குவது கரையில் நல்ல பழக்கம். ஸ்கூபாவில் அது உயிருக்கே ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு வளிமண்டலம். அங்கிருந்து மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், பாயில் விதிப்படி நுரையீரலின் காற்று இரு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழிந்துவிடலாம்.

ஆக, இச்சிறு காமிராவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அருகில் காண்பதை அது அழகாகவே பதிவு செய்யும். ஆனால் அடுத்த முறை ஒரு கடலடிப் படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு ஆழம்? எவ்வளவு தூரம்? ஒளி எங்கிருந்து வந்தது? இவற்றுக்கு விடை இல்லாத படத்தை ரசிக்கலாம். சான்றாகக் கொள்ள வேண்டாம்.