கொரோனா காலத்துச் செய்திப்படங்கள்: தரம் வேறு, மதிப்பு வேறு

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது 2020 ஏப்ரலில் சேமித்த ஒரு படம் கண்ணில் பட்டது. எங்கள் அருமனைப் பக்கத்து ரேஷன் கடை. அரசு 1000 ரூபாய் நிவாரணம் கொடுத்த நேரம். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த படம். கீழே, 'சமூக இடைவெளியைக் காற்றில் பறக்கவிட்ட மக்கள்' என்று ஒரு வரி. முப்பது பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்பதுபோல இருக்கும். நானும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டு, 'இவங்க திருந்தவே மாட்டாங்க' என்று எழுதியிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி போன் பண்ணினார். "மக்ளே, அந்த வரிசையில நாலாவது நிக்கது நான்தான். பாத்தியா?" பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்ததில் அடையாளம் தெரியவில்லை. "சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தாவ. நாங்க அதுக்குள்ளதான் நின்னோம். படத்துல மட்டும் எப்பிடி ஒட்டி நிக்கோம்?"

என்னிடம் பதில் இல்லை. குழுவிலிருந்து படத்தை அழித்தேன், மன்னிப்பும் கேட்டேன். கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

முதலில் கணக்கு. இரண்டு பேர் 2 மீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். முன்னால் நிற்பவரிடமிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்தால், பின்னால் நிற்பவர் 5 மீட்டரில் இருக்கிறார். முன்னவர் பின்னவரைவிட 1.67 மடங்கு பெரிதாகத் தெரிவார். இடைவெளி இருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். அதே இருவரை 50 மீட்டர் தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுங்கள். இப்போது 50க்கு 52. விகிதம் வெறும் 1.04. இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று மூளை முடிவு செய்துவிடும். இதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் காரணம் தூரம்தான். லென்ஸ் அந்தத் தூரக்காட்சியைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே.

அதே 2020 ஏப்ரலில் டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள் ஓலாஃபுர் ஸ்டைனார் கெஸ்ட்சன், பிலிப் டவாலி இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். ஒரே வரிசையை டெலி லென்ஸிலும் வைடு லென்ஸிலும் எடுத்து ஜோடியாக வைத்தார்கள். ஒன்றில் நெரிசல், மற்றதில் ஒழுங்கான வரிசை. இரண்டிலும் போட்டோஷாப் வேலை எதுவும் கிடையாது.

ஆக எங்கள் ரேஷன் கடைப் படம் தரத்தில் மோசமில்லை. கூர்மை, வெளிச்சம் எல்லாம் சரி. ஆனால் அந்தப் படத்தால் அளக்கவே முடியாத ஒன்றை, அதாவது ஆட்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை, கீழே இருந்த வரி உறுதியாகச் சொன்னது. மதிப்பு அங்கேதான் போயிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் இது சின்னத் தப்பு கிடையாது. நோய்க்குக் காரணம் யார் என்று ஊரே ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

அதிலிருந்து எந்தச் செய்திப்படத்தைப் பார்த்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது எந்தத் தூரத்திலிருந்து எடுத்தது, சொல்ல வந்த விஷயத்துக்கு அந்தத் தூரம் சரிதானா? எல்லோருக்கும் தெரிந்த இரண்டு படங்களில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, 2020 மே மாதம் டெல்லி நிஜாமுதீன் பாலத்தில் பி.டி.ஐ.யின் அதுல் யாதவ் எடுத்தது. ஒரு தொழிலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு, முகம் கோணி அழுகிறார். பரிசுக்கு அனுப்பும் படங்களில் தேடுகிற அமைப்பு அழகு அதில் கிடையாது. அவர் எந்த ஊர், போனில் யார் என்பதும் படத்தில் இல்லை. அதெல்லாம் தெரியவந்தது அதுல் யாதவ் பக்கத்தில் போய்ப் பேசியதால். பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். பீகாரின் பேகுசராய், சுமார் 1200 கிலோமீட்டர். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வழியில்லாமல் நாள்கணக்காகப் பாலத்திலேயே கிடக்கிறார். அவரைப் போகவிடச் சொல்லிப் போலீஸிடமும் பேசியிருக்கிறார் யாதவ். பெயரும் போன் நம்பரும் வாங்கத் தவறியதை அவரே பிறகு எழுதினார். படம் பரவி, உதவி கிடைத்து அந்த மனிதர் ஊர் போய்ச் சேர்ந்தார். ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை அதற்கு முன்பே இறந்துவிட்டது.

இங்கே தூரம் கைக்கெட்டும் தூரம். ஒரு மனிதனின் துக்கத்தைச் சொல்ல அதுதான் சரி. ஆனால் பக்கத்தில் போனால் மட்டும் போதுமா? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், காலராவும் சேர்ந்து சனங்களை வாரிக்கொண்டு போனபோது, சென்னை மாகாணத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்களும் பக்கத்திலிருந்து எடுத்தவைதான். எலும்பும் தோலுமானவர்களை ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுப்பதுபோல வரிசையாக வைத்து எடுத்தவை. அவர்களுக்கு இவர் என்ன செய்தார் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆவணமாக அவற்றுக்கு மதிப்பு உண்டு. பஞ்சம் அவ்வளவு மோசமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதில் இருப்பவர்கள் பேசவில்லை. யாரும் அவர்களிடம் கேட்டதாகவும் தெரியவில்லை.

இரண்டாவது, 2021 ஏப்ரல் 22 அன்று ராய்ட்டர்ஸின் டேனிஷ் சித்திக்கி டெல்லியில் ட்ரோன் வைத்து எடுத்த சுடுகாட்டுப் படம். வரிசை வரிசையாகச் சிதைகள் எரிகின்றன, ஒட்டினாற்போல வீடுகள். இதில் தூரம் ரொம்பவே அதிகம். சித்தியைச் சிறுமைப்படுத்திய அதே தூரம் இங்கே மட்டும் எப்படிச் சரியாகும்? சரியாகும், ஏனென்றால் இந்தப் படம் சொல்ல வந்தது ஒரு மனிதனைப் பற்றி அல்ல, அளவைப் பற்றி. மேலிருந்து பார்ப்பதால் ஒரு சிதை இன்னொன்றை மறைக்காது, எண்ணிப் பார்க்கலாம். இறந்தவரின் முகமோ அழுபவரின் முகமோ அடையாளம் தெரியாது.

சுடுகாட்டைப் படம் எடுப்பது அநாகரிகம் என்று அப்போது பலர் திட்டினார்கள். அந்த வருத்தம் புரிகிறது. எங்கள் வீட்டுச் சாவை உலகம் பார்ப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் எண்ணிக்கையே சண்டையாக இருந்த காலம் அது. 2020, 2021 இரண்டு வருடங்களுக்கும் சேர்த்து அரசுக் கணக்கில் கொரோனா சாவு சுமார் 4.8 லட்சம். வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்த சாவுகள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. ஒரு சுடுகாட்டின் ஒரு நாள் படம் இந்த வழக்கைத் தீர்க்காது. ஆனால் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்வதை அது கடினமாக்கியது. சித்திக்கி அடுத்த ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். 2022இல் ராய்ட்டர்ஸ் சக புகைப்படக்காரர்கள் மூவரோடு அவருக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எங்கள் படத்துக்கு வருகிறேன். நெரிசலைக் காட்டத்தான் வேண்டும் என்றால், எதிர்த்த கடையின் மொட்டைமாடியில் ஏறி, வரிசையைப் பக்கவாட்டில் எடுத்திருக்கலாம். சுண்ணாம்பு வட்டங்களும் விழுந்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

போன வாரம் ஊருக்குப் போனபோது இந்த 1.67, 1.04 கணக்கையெல்லாம் சித்திக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சரி மக்ளே. அந்தப் படக்காரன் ரெண்டு எட்டு நடந்து வந்து கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே. நீயும் போட்டதுக்கு முன்ன ஒரு போன் பண்ணியிருக்கலாம்."