அமானிதமாகும் காகிதங்கள்

2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸின் பசிபிக் பலிசேட்ஸ் பகுதியைக் காட்டுத்தீ விழுங்கியபோது, ஆர்னோல்ட் ஷோன்பேர்க்கின் இசையை வெளியிட்டுவந்த பெல்மொன்ட் பதிப்பகத்தின் களஞ்சியமும் சாம்பலானது. இசைக்குழுக்களுக்கு விற்கவும் வாடகைக்கு வழங்கவும் வைத்திருந்த சுமார் ஒரு இலட்சம் இசைக்குறிப்புப் பிரதிகள் அழிந்தன. அவரது மூலக் கையெழுத்துப் பிரதிகளோ தப்பின. அவை வியன்னாவில் இருந்தன.

1874இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஷோன்பேர்க், ஆதார சுருதியை மையமாகக் கொள்ளாது பன்னிரு சுரங்களுக்கும் சம இடமளிக்கும் முறையை வகுத்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பேர்லினில் வகித்த பதவியை இழந்து அமெரிக்கா சென்றார். 1951இல் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அவர் விட்டுச்சென்ற இசைப் பிரதிகள், கட்டுரை வரைவுகள், கடிதங்கள் முதலியன தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1977இல் திறக்கப்பட்ட நிறுவனமொன்றில் பேணப்பட்டன. அக்கட்டடம் ஷோன்பேர்க் பணிக்கு மாத்திரமே உரியதா என்பதில் 1990களில் பிணக்கு மூண்டது. பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. 1998இல் அனைத்தும் வியன்னாவின் ஷோன்பேர்க் நிலையத்தைச் சென்றடைந்தன. 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அவை இடம்பெற்றன.

1938இல் நாசிகளை ஆரவாரித்து வரவேற்ற நகருக்கு ஒரு யூத மேதையின் சொத்தை அனுப்புவதா என்று எவரும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஊரின் பழைய பாவத்தைவிட, இன்று கதவு திறந்திருக்கிறதா என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அந்நிலையம் கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே தந்துள்ளது.

வெட்டியும் திருத்தியும் எழுதிய பக்கங்களால் யாருக்கு என்ன பயன்? ஆசிரியர்களுக்கு இது தெரியும். மாணவன் சரியான விடையைப் பார்த்தெழுதியிருக்கலாம். அவன் சிந்தித்தானா என்பதைச் செய்கை வழியே காட்டும். மூஸா, ஹாரூன் (அலை) ஆகியோரின் வரலாற்றைத் தழுவிய இசைநாடகத்தின் இரண்டு அங்கங்களை ஷோன்பேர்க் 1932இல் முடித்தார். மூன்றாம் அங்கத்துக்கு வசனம் எழுதியும் இசையை முடிக்காமலே மறைந்தார். ஒரு கலைஞன் எங்கே தயங்கி நின்றான் என்பதை அச்சுப் பிரதி சொல்லாது, வரைவுதான் சொல்லும்.

குடும்பத்தின் உறுதி மூலங்களைக் காத்தது. ஆனால் இசைப்போருக்கான பிரதிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தமையால் ஒரே தீ போதுமாயிற்று. அதன் பின்னரே பதிப்பகம் முழுமையான மின்வடிவம் பற்றிப் பேசியது. மூலத்தைப் பாதுகாப்பதும் பிரதியைப் பரப்புவதும் ஒரே அமானிதத்தின் இரு பாதிகள். ஒன்றை நிறைவேற்றிவிட்டு மற்றையதைப் பிற்போட நெருப்பு தவணை தருவதில்லை.