நடையை அளக்கும் காமிரா: எவ்வளவு நம்பலாம்?

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் காலடி குறுகும், பாதம் தரையை உரசும், கைவீச்சு குறையும். நோயாளியை நடக்கச் சொல்லிப் பார்த்து, மருத்துவர் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவது வழக்கம். 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட சிறு மாற்றம் இதில் தெரிவதில்லை. உடலில் குறிமணிகளை ஒட்டிப் பல காமிராக்களால் அளக்கும் ஆய்வுக்கூடமோ செலவு மிகுந்தது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே, ஆழத்தை அளக்கும் சிறு காமிரா.

இவற்றுள் பெயர் பெற்றது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட். 2013-இல் வந்த அதன் இரண்டாம் வடிவம், அகச்சிவப்பு ஒளி உடலில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணித்தது. ஒளி ஒரு நானோநொடியில் 30 செ.மீ. செல்லும் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். கையில் எடுத்துச் சென்று எந்த அறையிலும் வைக்கலாம். நோயாளியின் உடலில் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் முதல் கினெக்டைச் சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். அசைவுகளின் கால அளவை அது நன்றாகவே காட்டியது. எழுந்து நிற்பது போன்ற பெரிய அசைவுகளையும் அளந்தது. கைவிரல்களை மூடித் திறப்பது போன்ற நுண்ணிய அசைவுகளில் தவறியது.

ஆனால் நடையைப் பற்றி இன்னும் இரு கேள்விகள் உண்டு. முதலாவது, நேரம். ஒரே கால் மீண்டும் தரையைத் தொடச் சுமார் 1 நொடி ஆகும். நலமுள்ளவரிடம் இது அடிக்கு அடி ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது 20 மில்லிநொடி மாறும். நோயில் இம்மாற்றம் பெருகும். காமிராவோ நொடிக்கு 30 படங்களே எடுக்கிறது. இரு படங்களுக்கு இடையே 33 மில்லிநொடி. அளக்க வேண்டிய பொருளைவிட அளவுகோலின் கோடுகள் அகன்றிருக்கின்றன!

இரண்டாவது, தூரம். இரண்டாம் கினெக்ட் உடலைத் தொடர்ந்தது 0.5 முதல் 4.5 மீட்டர் வரைதான். அந்த 4 மீட்டரில் நலமுள்ளவர் ஒரே காலை மூன்று முறை வைப்பார். நோயாளி இன்னும் சில முறை வைக்கலாம். இதைக்கொண்டு நடையின் ஒழுங்கின்மையைக் கணிப்பது, நாணயத்தை மூன்று முறை சுண்டிப் பார்த்து அதன் நேர்மைக்குத் தீர்ப்புச் சொல்வது போன்றதே.

ஆகவே, சராசரி வேகம், அடியின் நீளம் ஆகியவற்றுக்கு இக்கருவியைப் பயன்படுத்தலாம். நோயை இதுவே கண்டுபிடிக்கும் என்பது மிகை. மருந்து உட்கொண்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்தும் நடை மாறுமாதலால், அதே அறையில், மருந்து உண்டபின் அதே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

மற்றொன்றும் கூற வேண்டும். கினெக்டின் உற்பத்தி 2017-இல் நின்றது. 2019-இல் வந்த அதன் வாரிசும் 2023-இல் நிறுத்தப்பட்டது. பார்க்கின்சன் நோயோ பல ஆண்டுகள் நீடிப்பது. நோயாளியின் நடை மாறியதா, அளவுகோல் மாறியதா என்று பிரித்தறிய, பழைய கருவியையும் புதியதையும் அருகருகே வைத்து ஒருமுறையேனும் ஒப்பிட வேண்டும். இத்துறையில் ஓர் ஆய்வைப் படிப்பவர் முதலில் தேட வேண்டியது இந்த ஒப்பீட்டையே.