மழைக்கு வழி விட்ட வீடு

வீட்டுக்குள்ளே மழை பெய்ய வேண்டும். கூரை ஒழுகியல்ல, ஜன்னல் பூட்ட மறந்தல்ல. வரட்டும் என்று நினைத்தே ஒருவர் வானத்துக்கு வழி விட்டுக் கட்டிய வீட்டுக்குள், நட்ட நடுக் கொழும்பில் பெய்ய வேண்டும். கொள்ளுப்பிட்டி பகத்தலே வீதியால் போய் 33ஆம் ஒழுங்கைக்குள் திரும்பினால் 11ஆம் இலக்கம். ஜெப்ரி பாவாவின் வீடு. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு கதை இல்லை. நான் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் "அப்பா தொடங்கிட்டார்" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். நீங்கள் எழும்ப மாட்டீர்கள்தானே? சரி, கேளுங்கோ.

நான் வெள்ளவத்தைக்காரன். மாடிக் குடியிருப்புவாசி. எங்கள் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். காலி வீதியிலிருந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கடலுக்கு இறங்கும், கீழே ரயில் பாதையும் மரைன் டிரைவும், பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கை முகப்பில் நின்றால் கடற்காற்று சேர்ட்டுக்குள் புகுந்து ஊதும். ஆனால் அந்தக் காற்று எங்கள் வீட்டுக்குள் வராது. முன்னுக்கு எழும்பிய மாடி அதை வாங்கிவிட்டது. எங்கள் மாடி பின்னால் இருப்பவருக்கு வரவேண்டியதை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆக எல்லோரும் அலுமினிய ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு, கடலுக்குப் பக்கத்தில் இருந்தபடியே கரண்ட் பில்லைப் பார்த்து வேர்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படிப் பழகிப்போன ஓர் உடம்பு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

அதற்கு முதல் அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. பாவா 1919இல் பிறந்தவர். முதலில் வழக்கறிஞர். 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்க என்ற கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் திருத்தப் போய்த்தான் கட்டடப் பைத்தியம் பிடித்தது. லண்டனில் படித்து முடித்துக் கட்டடக் கலைஞரானபோது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒழுங்கைக்குள் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளில் ஒன்றை 1950களின் கடைசியில் பிடித்தார். பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது என்று பத்து வருடமளவில் நாலும் அவர் கைக்கு வந்துவிட்டன. வேறு யாராவது என்றால் நாலையும் இடித்துத் தள்ளிவிட்டுப் பெரிதாக ஒன்று எழுப்பியிருப்பார்கள். இவர் சுவர்களைத் துளைத்தார், இணைத்தார், இடையிடையே கூரையை எடுத்தார்!

இப்போது என்னோடு வாங்கோ. வெளியே வெயில், தார் இளகி மணக்கிறது. உள்ளே கால் வைத்தவுடன் வண்டிக் கொட்டகையில் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ரோய்ஸ் ஒன்று ராசா மாதிரி நிற்கிறது, அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் நீண்டு போகும் வெள்ளைப் பாதை, சுவரும் வெள்ளை, நிலமும் வெள்ளை. மின்குமிழ் ஒன்றும் தேவைப்படவில்லை, ஆனால் என்ன வெளிச்சம்! இந்தப் பக்கம் ஒரு கீற்று, நாலடி தள்ளி அந்தப் பக்கம் ஒரு கொட்டு, எல்லாம் மேலிருந்து. அந்தத் திறப்புகளுக்குக் கீழே செடி, கல், நிழல். நடக்க நடக்க நிழலும் வெளிச்சமும் மாறி மாறி முகத்தைத் தடவுகின்றன, சின்னஞ்சிறு வீடு எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. பாதையின் கோடியில் சின்னத் தண்ணீர்த் தடாகம், பக்கத்தில் பழைய தூண்கள். "இவை செட்டிநாட்டிலிருந்து வந்தவை" என்று வழிகாட்டி சொன்னதுதான் தாமதம், "எங்கட தூண்!" என்று நான் கத்திவிட்டேன், கூட வந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தது, நானோ காரைக்குடிப் பக்கம் ஒரு தரமேனும் போகாத ஆள், இருந்தாலும் சொந்தக்காரரை விமான நிலையத்தில் கண்டதுபோல ஓடிப்போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்து வானம் முழங்கியது. ஒக்டோபர் பின்னேரம், கொழும்பில் இடியும் மழையும் கேட்காமலே வரும் மாதம். முதலில் நாலு துளி, பிறகு சோவென்று கொட்டத் தொடங்கியது, வெளியே அல்ல, எனக்கு முன்னால், கை நீட்டினால் நனையும் தூரத்தில், வீட்டுக்குள்! வெள்ளைச் சுவரில் தண்ணீர்க் கோடுகள், இலைகளில் தாளம், மண் வாசனை, சில்லென்று ஒரு காற்று காலடியால் ஊர்ந்து வருகிறது, நான் நனையவில்லை, கதிரையும் நனையவில்லை, எங்கே நனைய வேண்டுமோ அங்கே மட்டும் நனைகிறது, ஐயோ, அந்த இடத்தில் ஏன் சிரித்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கையை நீட்டி மழையை ஏந்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே நின்றேன்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் வடிவு. சூடான காற்று மேலே எழும்பித் திறப்பால் வெளியேறும், அது விட்ட இடத்துக்கு நிழலில் கிடந்த குளிர்ந்த காற்று வரும். ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுச் சுவர். ஆகையால் வெளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தை உள்ளே அழைத்துவிட்டார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்த எங்கள் கிழவிகளுக்கு இதைச் சொன்னால் "இதிலென்ன புதினம், நடுமுற்றம்தானே" என்பார்கள். அதேதான்! அந்த நடுமுற்றத்தை நகரத்துத் துண்டுக் காணிக்குள் மடித்து வைத்ததுதான் கெட்டித்தனம்.

ஆரம்பத்தில் பாவாவும் மேல்நாட்டுப் பாணியில் தட்டைக் கூரையும் வெள்ளைச் சுவருமாகத்தான் போனார். நம் மழை விட்டதா? பாசி பிடித்துக் கறுத்துப்போகும். அதோடு 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு. இரும்புக்கும் கண்ணாடிக்கும் தட்டுப்பாடு. சரி, ஓடும் கல்லும் மரமும் இருக்கின்றன என்று ஊர்ப் பக்கம் திரும்பினார். சாய்ந்த கூரை, நீண்ட இறவாணம், அகன்ற விறாந்தை. கொழும்பு அல்பிரட் பிளேசில் ஏனா டி சில்வா என்ற கலைஞருக்கு 1960இல் தொடங்கி 1962இல் முடித்த வீடு அப்படிப் பிறந்தது, நடுவில் பெரிய முற்றத்தோடு. அந்த வீட்டைப் பிற்காலத்தில் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுபோய் லுணுகங்கவில் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள், நம்புங்கோ! கோட்டே பாராளுமன்றத்துக்கோ சதுப்பு நிலத்தைத் தோண்டி வாவியே உண்டாக்கி, 1982இல் அதன் நடுவில் கட்டடத்தை நிறுத்தினார்கள். சூழலுக்கு அடங்கியவர் சூழலையே வரைந்த இடம் அது.

பாவாதானா எல்லாம் என்று கேட்கிறீர்களா? கொட்டாஞ்சேனைக்கு வாங்கோ. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் தொடங்கியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். மத்தியானம் போய்ப் பாருங்கோ. வெளியே துறைமுக லொறிகள் உறுமுகின்றன, வெறுங்காலை நிலத்தில் வைக்க முடியாது, வாசலைத் தாண்டி ஒரு பத்து எட்டு வைத்தால் கல் உள்ளங்காலைக் குளிர்த்துகிறது, கண்ணுக்கு இருட்டு, மூக்குக்குக் கற்பூரம், லொறிச் சத்தம் எங்கோ போய்விட்டது! அவ்வளவு கனமான கல் சூடாவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், இரவில் ஆறிவிடும். கிட்டத்தில் ஒல்லாந்தர் 1757இல் முடித்த வுல்பெண்டால் தேவாலயத்திலும் இதே சூத்திரம்தான், ஐந்தடிக்குக் கிட்டத்தட்ட வரும் கபுக் கல் சுவர். ஒரே வெக்கைக்கு இரண்டு பதில்: ஒன்று தடித்த சுவரால் வெயிலை வெளியே நிறுத்துகிறது, மற்றது சுவரைத் திறந்து காற்றை உள்ளே விடுகிறது. எங்கள் மாடிகளில் தடித்த சுவரும் கிடையாது, திறப்பும் கிடையாது.

குறை ஒன்றும் இல்லையா என்றால், நுளம்பு. திறந்த முற்றத்தில் தண்ணீர் இருந்தால் நுளம்பு வரும், கொழும்பில் டெங்கு பயமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். என் கணுக்காலில் ஒன்று கடித்தது. கடித்துவிட்டுப் போகட்டும், அந்த மழைக்கு அது கட்டணம்.

33ஆம் ஒழுங்கை வீட்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். வானம் இருண்டு கிடக்கும் பின்னேரமாகப் பார்த்துப் பதியுங்கோ. கோயிலுக்கு வெயில் கொளுத்தும் நேரமாகப் போங்கோ. வெள்ளவத்தையில் புதிதாகக் காணி வாங்கி வரைபடம் போடப்போகிறவர் யாராவது இதை வாசித்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எத்தனை மாடியும் எழுப்புங்கோ, நடுவில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் வானத்துக்கு விடுங்கோ. நுளம்பு வலை நான் வாங்கித் தருகிறேன்.