தூக்கிய கால் எங்கே இறங்குகிறது?

மாயா டெரன் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' (1943). 14 நிமிடப் படம். கறுப்பு அங்கி, முகத்துக்குப் பதில் கண்ணாடி, சாவி, கத்தி. சோதனைக் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் அந்தக் கண்ணாடி முகத்தைத்தான் முதலில் கடன் வாங்குகிறார்கள். எனக்கு அதில் பெரிசாகத் தெரிவது வேறு: ஒரு நடை.

கத்தியோடு எழும் பெண், தூங்கிக்கொண்டிருக்கும் தன்னையே நோக்கி நடக்கிறாள். சில எட்டுகள்தான். ஓர் எட்டு மணலில், ஒன்று புல்லில், ஒன்று கல்தரையில், கடைசி எட்டு வீட்டுக் கம்பளத்தில். ஒரே அறையைக் கடக்க இத்தனை நிலம் தேவைப்படுகிறது. இதற்குப் பெரிய செலவும் கிடையாது. டெரனும் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிடும் தாங்கள் குடியிருந்த வீட்டையே களமாக்கி 16 எம்எம் கேமராவில் எடுத்த படம் இது.

1953-இல் நியூயார்க்கின் 'சினிமா 16' நடத்திய கருத்தரங்கில் டெரன் ஒரு வாதம் வைத்தார். நாடகம் ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குக் கிடையாக நகர்கிறது. கவிதை ஒரே கணத்துக்குள் செங்குத்தாக இறங்குகிறது. டைலன் தாமஸ் கிண்டலடித்தார். ஆர்தர் மில்லரும் ஏற்கவில்லை. 'மெஷஸ்' மட்டும் பார்த்தால் மறுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். கத்தி இல்லையென்றால், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றம் இல்லையென்றால், அந்த நடை நம்மைப் பிடித்து வைக்குமா?

பதில் 'எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா' (1945) படத்தில் இருக்கிறது. சில நிமிடங்கள்தான். நடனக்காரர் டாலி பீட்டி காட்டில் காலைத் தூக்குகிறார். அது ஒரு வீட்டுக்குள் இறங்குகிறது. கதையும் இல்லை, கத்தியும் இல்லை. ஆனாலும் கண் விலகவில்லை. ஏன்னா தூக்கிய கால் இறங்கியே ஆகணும். அசைவு இன்னும் முடியாததால், இடம் மாறியதைக் கண் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. டெரனின் வாதத்துக்கு அவர் பேச்சைவிட இந்தக் கால்தான் நல்ல சாட்சி. அதனால்தான் அதிகம் பேசப்படாத இந்தப் படத்தை 'மெஷஸ்'-க்கு ஒரு படி மேலே வைக்கிறேன்.

இன்னொன்று. 'மெஷஸ்' முதலில் ஒலியில்லாத படம். இன்று நாம் கேட்கும் டெய்ஜி இட்டோவின் இசை 1959-இல் சேர்ந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மர்மம் கொஞ்சம் குறையும், வெட்டு தெளிவாகத் தெரியும். கையில் போன் மட்டும் வைத்துக்கொண்டு படம் எடுக்க நினைப்பவர்கள் கறுப்பு அங்கி தைக்க வேண்டாம். நடந்து வரும் நண்பனின் காலை எந்த நொடியில் வெட்டுவது, எந்தத் தரையில் இறக்குவது என்று யோசித்தாலே டெரனிடம் பாடம் ஆரம்பித்துவிடும்.