இறுகிய பிஸ்டனை இளக்கும் கலை

பழைய அவுட்போர்டு மோட்டாரில் பிஸ்டன் இரண்டு விதமாக இறுகுகிறது. ஒன்று ஓடும்போது நேர்வது. நீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து குளிர்ச்சி குறையும். அல்லது பெட்ரோலில் கலந்த எண்ணெய் போதாமல் போகும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவது. ஆகவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத இடைவெளி மறைந்து, பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர்ச் சுவரில் அப்பிக்கொள்ளும். மற்றது கிடப்பில் நேர்வது. ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்த மோட்டாருக்குள் உப்பு ஈரம் புகை வெளியேறும் வழியாக ஏறி, பிஸ்டனைச் சுற்றிய ரிங் சுவரைத் தொடும் கோட்டில் துருவாகும். துரு தான் பிறந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கொள்ளும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே அது ஆப்புப் போலப் புகுந்து இறுகும்.

குமரி, கேரளக் கரைகளில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வள்ள மோட்டார்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் விடும் கரி ரிங்கின் காடிகளில் படிந்து, ரிங் விரிந்து சுருங்க முடியாமல் கெட்டியாகிவிடுகிறது. அத்தகைய மோட்டாரைச் சில மாதம் கரையில் போட்டுவைத்தால் கரியும் துருவும் சேர்ந்தே பிடித்துக்கொள்ளும்.

எவ்வகை இறுக்கம் என்று தெரிந்துகொள்வதில்தான் இந்த வேலை தொடங்குகிறது. பிளைவீல் அசையவில்லை என்பதாலேயே பிஸ்டன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கீழே கியர்ப்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து பேரிங் துருப்பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஆகவே கைதேர்ந்தவர் முதலில் அடிக்காலைக் கழற்றிப் பிரித்துவைப்பார். அப்போதும் பிளைவீல் அசையாவிட்டால்தான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே விளக்கு அடித்துப் பார்ப்பார். பிறகு பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய குச்சியை விட்டு, பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளப்பார். இந்த அளவுதான் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் தீர்மானிக்கிறது. இதை அளக்காமல் சுத்தியல் எடுப்பவரிடம் ஒரு நல்ல மோட்டாரை ஒப்படைக்கக் கூடாது.

பிஸ்டன் நடுவழியில் நின்றிருந்தால் அது நல்ல வாய்ப்பு. இணைப்புத்தண்டு கிராங்க்கைச் சாய்வாகப் பிடித்திருப்பதால், மேலிருந்து கொடுக்கும் தட்டு சுழற்சியாக மாறும். உச்சியில் நின்றிருந்தால் நிலைமை வேறு. அப்போது பிஸ்டன், தண்டு, கிராங்க் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எத்தனை அடித்தாலும் கிராங்க் திரும்பாது. அடி முழுவதும் பேரிங்கில் போய் இறங்கும். அடியில் நின்றிருந்தால், சிலிண்டர்ச் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட்டுகள் திறந்திருக்கும். ஊற்றும் எண்ணெய் எல்லாம் அவற்றின் வழியே வடிந்துவிடும்.

மோட்டாரின் அமைப்பும் இதில் சேரும். நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் செய்த ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு ஒரே சிலிண்டர்தான்; எடை சுமார் 28 கிலோ. 1920களின் தொடக்கத்தில் ஜான்சன் சகோதரர்கள் கொண்டுவந்த லைட் ட்வின் ஏறத்தாழ 16 கிலோதான் இருந்தது. அதில் எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஆகவே ஒன்று உச்சியில் மாட்டினால் மற்றதும் உச்சியில்தான் இருக்கும். பின்னாளில் பரவிய மாறிமாறி வெடிக்கும் இரட்டைச் சிலிண்டர்களில் ஒன்று மேலே இருக்கையில் மற்றது கீழே நிற்கும். அங்கே இறுகியிருப்பது ஒன்றா இரண்டுமா என்று தனியே கண்டறிய வேண்டும். இங்கிலாந்தின் சீகல் மோட்டாருக்கு இந்த விஷயத்தில் தனிப் பெருமை உண்டு. பெட்ரோல் 10 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு என்று தாராளமாகக் குடித்து ஓடியதால், உள்ளே படிந்த எண்ணெயே பல மோட்டார்களைத் துருவிலிருந்து காத்திருக்கிறது.

அடுத்தது ஊறவைத்தல். படகில் பொருத்தியிருக்கும் நிலையில் அவுட்போர்டின் கிராங்க் செங்குத்தாக நிற்கும், சிலிண்டர் படுத்திருக்கும். அப்படியே எண்ணெய் விட்டால் அது ரிங்கின் கீழ்ப்பாதியை மட்டும் நனைத்து நிற்கும், மேல்பாதி வறண்டே இருக்கும். ஆகவே மோட்டாரின் தலைப்பகுதியைக் கழற்றி, பிளக் துளை மேலே பார்க்கும்படி மேசைமேல் நிறுத்துவார்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்த கலவை பரவலாகப் பயன்படுகிறது. அசிட்டோன் நுண்ணிய இடுக்கில் நுழைந்து வழிகாட்டி, தான் ஆவியாகிப்போய், எண்ணெயை அங்கே விட்டுச்செல்கிறது. இரண்டும் எளிதில் பிரிந்துவிடும் என்பதால் ஊற்றும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும்கூட இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

மேலே மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருப்பது அரைவேலை. கிராங்க் அறைப் பக்கமிருந்தும், போர்ட் மூடிகளைக் கழற்றி அவற்றின் வழியாகவும் பிஸ்டனின் கீழ்ப்புறத்தை நனைத்தால் துருக்கோட்டை எண்ணெய் இருபுறமும் தாக்கும். பிஸ்டன் அடியில் நின்றிருக்கும் மோட்டாரில், போர்ட் மேலே பார்க்கும்படி சாய்த்துவைத்து, எண்ணெயில் தோய்த்த துணித்திரியை ரிங்கின் அருகே செருகுவார்கள். அதன்பின் பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். தினமும் மட்டத்தைப் பார்ப்பதுதான் வேலை. ஊற்றிய எண்ணெய் சிறிது சிறிதாக இறங்கினால், ரிங்கைச் சுற்றி எங்கோ ஒரு வழி திறந்துவிட்டது என்று பொருள். மட்டம் இறங்காத வரை விசை கொடுப்பதில் அதிகப் பயனில்லை.

சூடும் உதவும், முறையறிந்து கொடுத்தால். ஊறவைத்த திரவத்தை முற்றிலும் வடித்து ஆவி போகவிட்ட பிறகே சூட்டை அருகில் கொண்டுவரலாம். அசிட்டோன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். சிலிண்டரின் வெளிப்புறத்தை வேகமாகச் சூடேற்றினால் சுவர் முதலில் விரியும், பிஸ்டன் பின்தங்கும். அந்தச் சில நிமிடங்கள் தட்டுவதற்கு ஏற்றவை. சூடு உள்ளே பரவிவிட்டால் அலுமினியப் பிஸ்டன் சுவரைவிட அதிகமாக விரிந்து மேலும் இறுகும். அதுவும் வீண் அல்ல. விரிவில் துரு நொறுங்கும், ஆறும்போது பிஸ்டன் அதிகமாகச் சுருங்கி இடைவெளி விடும், ஆறிய பின் விடும் எண்ணெய் அங்கே இறங்கும். காய்ச்சி ஆறவிட்டு ஊறவைக்கும் இந்தச் சுழற்சியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள், சுத்தியலால் மட்டும் போராடுபவர்களைவிடக் குறைவாகவே உதிரிப்பாகம் வாங்குகிறார்கள்.

இனி, சிலிண்டரின் மூடியைக் கழற்றிவிட்டுத் தட்டப் பயன்படும் மரக்கட்டை. இந்தக் கலையில் கண்ணுக்கு மிக அழகான பொருள் இதுதான். பழைய டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனின் தலை தட்டையாக இருக்காது. உள்ளே வரும் கலவையை மேல்நோக்கித் திருப்ப ஒருபுறம் மேடு வார்த்திருப்பார்கள். தட்டைக் கட்டையை வைத்து அடித்தால் மேடு மட்டும் அடிவாங்கி விரிசல் விடும். ஆகவே வைரம் பாய்ந்த மரத்தில் சிலிண்டர் அளவுக்குச் சற்றே குறைவான உருளையைக் கடைந்து, அதன் முகத்தில் அந்த மேட்டுக்கு நேர் எதிரான பள்ளத்தைச் செதுக்குவார்கள். மையைத் தடவிப் பொருத்திப் பார்த்து, முகம் முழுவதும் சமமாக மை ஒட்டும் வரை திருத்துவார்கள். பிறகு கொட்டாப்புளியால் இலேசாகத் தட்டுவார்கள். தட்டு தள்ளுவதற்காக அல்ல, அதிரவைப்பதற்காக. ஒவ்வோர் அதிர்விலும் எண்ணெய் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். இறுகிய பிஸ்டன்மேல் விழும் தட்டு கல்லில் அடித்ததுபோல் கணீரென்று ஒலிக்கும். இளகத் தொடங்கியதும் ஒலி மங்கித் தடிக்கும். கண்ணுக்குத் தெரியும் அசைவுக்கு முன்பே இந்த மாற்றம் வந்துவிடும். பழகிய காது அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

1920களின் பல மோட்டார்களில் சிலிண்டரும் அதன் மூடியும் ஒரே வார்ப்பு. தனியே கழற்ற வழியில்லை. அங்கே மரக்கட்டைக்கு வழியில்லை. பிளக் துளையில் நிப்பிளைத் திருகிக் கிரீஸ் துப்பாக்கியால் உள்ளே அழுத்துவது அதற்கு மாற்று. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மேல் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் வந்தால், மொத்த விசை ஏறக்குறைய 2 டன். அது தட்டாக இல்லாமல் சீராக, தலை முழுவதும் பரவி அழுத்துகிறது. போர்ட்டுகள் மூடியிருக்கும் நிலையில் மட்டுமே இது பலிக்கும். திறந்திருந்தால் கிரீஸ் வெளியே வழியும். பழைய வார்ப்பு விரிசல் விடக்கூடும் என்பதால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இடையே நிறுத்திப் பார்ப்பது நல்லது.

பிளைவீல் நட்டில் நீண்ட கம்பியைப் போட்டு ஏறி மிதிப்பது பரவலான தவறு. பிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி அறுந்துபோகும், துண்டுகளை அழுத்திச் சேர்த்த கிராங்க் என்றால் முறுகி நேர்கோடு தவறிவிடும். முதல் அசைவு எந்தத் திசையில் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். மயிரிழை அசைந்தவுடன் மேலும் தள்ளாமல், வந்த வழியே திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி முன்னே கொண்டுவர வேண்டும். அந்த ஊசலாட்டம் துருத்தூளை வெளியே கொண்டுவரும். ஒரே மூச்சில் தள்ளினால் அதே தூள் சுவரைக் கீறும்.

பிஸ்டன் வெளியே வந்தபின் உள்ளதை மதிப்பிடலாம். சுவரில் அப்பிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைத்துவிடும். அலுமினியப் பாகங்களில் அது படாமல் பஞ்சுக்குச்சியால் தொட்டுவைத்து உடனே கழுவ வேண்டும். லேசான துருவுக்குச் சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் போதும், ஆழ்ந்த குழிகளுக்குப் போதாது. ஹோனிங் முடிந்ததும் போர்ட்டின் கூர்விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்காவிட்டால் அவை புது ரிங்கைச் செதுக்கிவிடும். பல டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன்களின் காடியில் ஒரு சிறு முளை இருக்கும். ரிங்கின் வாய் அதன்மேல் அமராவிட்டால் ரிங் முனை போர்ட்டில் சிக்கி உடையும். இம்பெல்லரை எந்தக் கேள்வியும் இல்லாமல் மாற்றிவிட வேண்டும்.

முதல் ஓட்டம் நன்னீர்த் தொட்டியில், வழக்கத்தைவிடக் கூடுதல் எண்ணெயோடு, குறைந்த வேகத்தில், இடையிடையே ஆறவிட்டு. மறுபடி நீண்ட நாள் கிடப்பில் போடுவதானால், பிளக் துளை வழியே எண்ணெய் விட்டுப் பிளைவீலைக் கையால் பலமுறை சுற்றி, ஒற்றைச் சிலிண்டர் மோட்டாரில் பிஸ்டன் போர்ட்டுகளை மூடி நிற்கும் இடத்தில் நிறுத்திவைப்பார்கள். ஈரம் ஏறிவரும் வழி அதோடு அடைபடும்.