சிட்டஸ்வரத்துக்கு விழும் கைதட்டல்

சேலம், நாமக்கல் பக்கத்து இசை வகுப்புகளின் ஆண்டு விழாக்களில் கீபோர்டு, வயலின், வாய்ப்பாட்டு எல்லாம் முடிந்து கடைசியாக சாக்ஸபோன் வந்தால், என்ன வாசிப்பார்கள் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' கீர்த்தனை, இல்லையென்றால் 'டூயட்' படத்து மெட்டு. சிட்டஸ்வரம் துரிதத்தில் ஓடும்போது விசில் பறக்கும். பிள்ளை கெட்டிக்காரன் என்று சபை அங்கேயே முடிவு கட்டிவிடும்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் பொய்யில்லை. அந்தக் கீர்த்தனையின் ராகமான கதனகுதூகலத்தின் ஆரோகணம் ஸ ரி ம த நி என்று தாவிப்போய் காந்தாரத்தைப் பிடித்து, பஞ்சமம் தொட்டு ஷட்ஜத்தில் நிற்கிறது. சாக்ஸபோனில் இந்தத் தாவலின் நடுவில் இடது கட்டைவிரல் ஆக்டேவ் கீயை அழுத்தியாக வேண்டும். ஒரு இமைப்பொழுது பிந்தினாலும் ஸ்வரம் பிசகிவிடும். அதோடு மூச்சைப் பங்குபோட வேண்டும், தாளத்தை விடக்கூடாது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தத்தைப் பார்த்து மிரளவும் கூடாது. பதினான்கு வயதில் இதைச் செய்துகாட்டும் பிள்ளைக்குக் கிடைக்கும் துணிச்சலை வகுப்பறையில் கொடுக்க முடியாது. மேடை என்று ஒன்று இல்லையென்றால் பாதிப்பேர் சாதகமே செய்யமாட்டார்கள் என்பதும் உண்மை.

ஆனால் இந்த உருப்படி சாக்ஸபோனுக்கு இவ்வளவு இசைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேற்கத்திய பேண்டு மெட்டின் சாயல் கொண்ட அந்த ராகத்தில் ஸ்வரங்களை நேராக வாசித்தாலே போதும். கமகம் குறைந்தாலும் குறை தெரியாது. அதே பிள்ளையை ஐந்து நிமிடம் கமகம் நிறைந்த சகானா ராகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நாகஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடி ஸ்வரத்தை வளைக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே பேடு இருக்கிறது. அது பொத்தென்று மூடும், திறக்கும். வளைவு முழுவதும் உதட்டிலிருந்தும் தாடையிலிருந்தும் மூச்சிலிருந்தும் வரவேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் சாதகம் வேண்டும். துரித காலம் அந்தச் சாதகம் இல்லாத குறையை மூடிவிடுகிறது. பின்னால் ஓடும் மைனஸ் ஒன் டிராக் (பதிவுசெய்த பின்னணி இசை) மிச்சத்தையும் மூடிவிடுகிறது.

எல்லோரும் முன்மாதிரியாகச் சொல்வது சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத்தை. 1994இல் லண்டன் பிபிசி பிராம்ஸ் மேடையில் அவர் வாசித்ததும், அதே ஆண்டு அவர் வாசிப்போடு 'டூயட்' வந்ததும் நினைவிருக்கிறது. அவர் தகப்பனாரிடம் முதலில் நாகஸ்வரம் கற்றவர் என்பது மட்டும் மறந்துபோகிறது. மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்ஸபோன் மேல் ஆசைப்பட்டு, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்க ஏறத்தாழ 20 ஆண்டு பாடுபட்டார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். அவருடைய வேகம் இத்தனைக்கும் பிறகு வந்தது. நம் பிள்ளைகள் அதை முதல் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் எங்கே எடுக்கிறார்கள், வாத்தியார்கள் கொடுக்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள். ஆண்டு விழா அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளம்பரமும் அல்லவா!

சாக்ஸபோன் பிறந்த ஐரோப்பாவிலும் மாணவர் வித்தை காட்டுவது பழைய வழக்கம்தான். சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் 1857 முதல் 1870 வரை பாரிஸ் கான்சர்வேட்டரியில் வகுப்பு நடத்தினார். அந்தக் காலத்தில் டெமெர்ஸ்மான் போன்ற இசையமைப்பாளர்கள் சாக்ஸபோனுக்கு எழுதிய ஃபாண்டசிகளில் விரல் வித்தைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நிதானமான நீண்ட பகுதியில் நாதத்தைக் காட்டிவிட்டுத்தான் வேகத்துக்குப் போவார்கள். நாம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

துரித உருப்படி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்து ஒரு மாணவரை எடைபோடுவது தவறு. சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாக்ஸபோன் பிடிக்கும் பிள்ளை ஒரு நாகஸ்வரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தோடியும் சகானாவும் கேட்டாலே காது திருந்தும். விழா நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு 'ரகுவம்ச சுதா'வுக்கு முன்னால், டிராக்கை நிறுத்திவிட்டு, வெறும் சுருதியோடு ஐந்து நிமிட ஆலாபனைக்கு இடம் கொடுங்கள்.